வரி போடச் சொன்ன அய்யம்மாள்

வரி என்றால் ஓடி ஒளிகிற ஊர் இது. வீட்டு வரிக்காரர் தெருமுனையில் தலை காட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் உட்காருகிறவர்கள் உண்டு. தண்ணீர் வரி கேட்டால், “கடைசியா என்னைக்குத் தண்ணி விட்டீக, அதைச் சொல்லுங்க முதல்ல” என்று மடக்குகிறவர்களும் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில், எனக்கும் வரி போடுங்கள் என்று மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற ஒரே மனுசி அய்யம்மாள்தான். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். அவளுக்கு அப்படி என்ன பிடித்தது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அய்யம்மாள் பிறந்த ஊர் தாயில்பட்டி. முனியராஜுக்கு வாக்கப்பட்டு, சிவகாசி விளிம்பில் விஸ்வநத்தம் சாலையிலிருந்து பிரிகிற காளியம்மன் கோவில் தெருவுக்கு வந்தாள். வந்த மறுவாரமே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். சரவெடி பின்னும்போது அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் போர்மேனே நின்று பார்த்துவிட்டுப் போவார். வாயும் அதே வேகம்தான். அவள் ஏறாத நாளில் வேன் டிரைவருக்குத் தூக்கம் வந்துவிடும் என்று கேலி பேசுவார்கள்.

முனியராஜ் ஒரு சித்திரை வெயிலில், வெடிமருந்து கலக்கிற அறையில் போய்ச் சேர்ந்தான். அதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணமாக வந்த பணத்தில் அய்யம்மாள் ஒரு துண்டு நிலம் வாங்கிச் சின்னதாக வீடு கட்டினாள். தெருவுக்குள் நிலம் வாங்க அந்தப் பணம் காணாது. தெருவின் கடைசி வீடு இசக்கிப்பாண்டியுடையது. அதைத் தாண்டி ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பொட்டல், அங்கே நிலம் மலிவு. அவளைப் போலவே நிவாரணப் பணத்தில் கட்டிய வீடுகள் ஏற்கெனவே இரண்டு மூன்று அங்கே இருந்தன. ஓடையில் வருடத்தில் முக்கால்வாசி நாள் கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தானும் ஓடைதான் என்று காட்டிவிட்டுப் போகும்.

முனியராஜ் போன அடுத்த பங்குனிப் பொங்கலுக்குக் கோவில் வரி பிரிக்கச் செல்லச்சாமி வந்தார். தெருவின் நாட்டாமை அவர். முனியராஜுக்குச் சித்தப்பா முறை, அதனால் அய்யம்மாளுக்கு மாமா. வாசலில் நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தாயி, ஒனக்கு இனிமே வரி கெடையாது. ஆம்பள இல்லாத வீட்டுல வாங்கி ஆத்தாளுக்குப் பொங்க வைக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீ புள்ளயப் பாரு, போ” என்றார்.

அய்யம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்கு இருந்த நிலையில் அது பெரிய உபகாரம். அவர் மனதிலும் ஈரம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

அந்தத் தெருவில் வரி என்பது தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண்பிள்ளை இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. வரி கொடுக்கிற வீட்டுக்குப் பொங்கல் முடிந்த மறுநாள் தேங்காய் மூடியும் வெற்றிலையும் வரும். கோவில் கூட்டத்தில் எழுந்து பேசுகிற உரிமையும் வரி கொடுக்கிற வீட்டுக்குத்தான். வரி நின்றதும் தேங்காய் நின்றது. உப்புக்கும் புளிக்கும் வழி தேடிக்கொண்டிருந்தவள் தேங்காய் மூடி வரவில்லையே என்றா உட்கார்ந்து அழுவாள்? அவள் பாட்டுக்கு வேனில் ஏறிப் போனாள், வந்தாள், மகளை வளர்த்தாள்.

மகள் பெயர் மாரிசெல்வி. பிறவியிலேயே கால்களில் பலம் இல்லை, ஊன்றுகோல் வைத்து நாலு எட்டு வைப்பாள். காலுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து ஆத்தா வாயில் கொடுத்துவிட்டாள் என்று தெருவில் சொல்வார்கள். அய்யம்மாளையே பேச்சில் மடக்குகிற ஆள் அவள் ஒருத்திதான். படிப்பை முடித்துவிட்டு, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் தினசரிக் காலண்டர் கட்டை அட்டையில் வைத்துப் பின் அடிக்கிற வேலையில் சேர்ந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை. மனு மேல் மனு போட்டு அரசாங்கத்தில் ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டரும் வாங்கிவிட்டாள்.

ஸ்கூட்டர் வந்ததே தவிர வீட்டுக்கு வரவில்லை. ஓடை மேட்டில் ஏறாது, சரிவில் இறங்காது. இசக்கிப்பாண்டி பெரிய மனது பண்ணித் தன் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். காலையில் அய்யம்மாள் மகளை இடுப்பில் தூக்கி ஓடையைத் தாண்டிக் கொண்டுபோய் ஸ்கூட்டரில் உட்கார வைத்துவிட்டு வேனுக்கு ஓடுவாள். சாயங்காலம் மறுபடி தூக்கி வருவாள். சின்னப் பிள்ளையில் தூக்கியது போலத்தான் தூக்கினாள். ஆனால் பிள்ளை சின்னப் பிள்ளை இல்லை, அய்யம்மாளுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

காலண்டர் கம்பெனிக்கு ஆடியில் தொடங்கி மார்கழி வரைக்கும் சீசன். ஆர்டர் குவிகிற காலமும் ஓடையில் தண்ணீர் வருகிற காலமும் ஒன்றாக இருந்ததுதான் அவர்கள் தலையெழுத்து. போன கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம், முழங்கால் அளவு தண்ணீரில் அய்யம்மாளுக்குக் கால் வழுக்கிவிட்டது. ஆத்தாளும் மகளும் சேற்றில் உருண்டார்கள். இசக்கிப்பாண்டி வீட்டிலிருந்து நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். அய்யம்மாளுக்கு முட்டியில் அடி. அதைவிடப் பெரிய அடி வீட்டுக்கு வந்த பிறகு விழுந்தது.

“எம்மா, இனி என்னையத் தூக்காத. எல்லாரும் பாக்காக. எனக்குக் கேவலமா இருக்கு.”

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? ஒரு நாள் வழுக்கிட்டு, அதுக்கு இம்புட்டா?”

“குஞ்சு இல்லம்மா நான். சீசன்ல லீவு போட்டா அடுத்த வருசம் வேற ஆளு பாத்துக்கிடுவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அடுத்த ஆடிக்குள்ள நான் டவுன்ல ரூம் பாத்துக்கிடுதேன். கூட வேல பாக்குற ரெண்டு பிள்ளைக இருக்காக.”

அய்யம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு உயிர். அதுவும் போய்விட்டால் பொட்டல் வீட்டில் அவளும் சுவரும்தான். மகள் போகாமல் இருக்க வேண்டும் என்றால் அந்த ஸ்கூட்டர் வாசல் வரைக்கும் வர வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

தை மாதம் கவுன்சிலர் அழகுமீனா கோவிலில் கூட்டம் போட்டாள். தெருவில் ரோடு என்று ஒன்று இருந்த ஞாபகம் கிழவர்களுக்கு மட்டும்தான் இருந்தது, அதனால் கூட்டம் நிறைய. ஆண்கள் ஜமுக்காளத்தில், பெண்கள் கோவில் சுவருக்கு வெளியே. அழகுமீனா பூசி மெழுகாமல் பேசுகிறவள்.

“மாநகராட்சிக்கு வர்ற வரி சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்குமே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு. பெரிய ரோடு, குடிதண்ணிக் குழாய், இதுக்கெல்லாம் மாநில அரசாங்கம் நிதி குடுக்கு. நம்மள மாதிரிச் சின்னத் தெரு அந்த வரிசையில கடைசியில நிக்கி. எப்ப முறை வரும்னு எனக்கே தெரியாது. ஆனா ‘நமக்கு நாமே’ன்னு ஒரு திட்டம் இருக்கு. மூணுல ஒரு பங்கை நாம போட்டா, மீதி ரெண்டு பங்கை அரசாங்கம் போட்டு மாநகராட்சி வேலையை முடிச்சுக் குடுக்கும். வரிசையில நிக்க வேண்டாம்.”

“ஒண்ணு போட்டா ரெண்டு வருமா? ஏலே, பைனான்ஸ்காரன் இப்பிடிச் சொல்லித்தானல போன வருசம் ஓடிப் போனான்!” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

சிரித்தாலும் ஒத்துக்கொண்டார்கள். எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியே எழவில்லை. பொங்கலுக்குப் பிரிப்பது எப்படியோ அப்படியே: தலைக்கட்டுக்கு ஆறாயிரம், பங்குனிக்குள் இரண்டு தவணை. ரோடு எதுவரைக்கும் என்ற கேள்விக்கும் நொடியில் பதில் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து இசக்கிப்பாண்டி வீடு வரைக்கும். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வரி எங்கே முடிகிறதோ அங்கே தெருவும் முடிகிறது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. அரசாங்கம் ‘பொதுமக்கள் பங்களிப்பு’ என்று எழுதி வைத்திருந்தது. அந்தத் தெருவுக்குத் தெரிந்த பொதுமக்கள் தலைக்கட்டுதான்.

சுவருக்கு வெளியே நின்ற அய்யம்மாளுக்கு இசக்கிப்பாண்டி வீடு என்ற வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. மறுநாள் வேலை விட்டு வந்த கையோடு செல்லச்சாமி வீட்டுக்குப் போனாள்.

“மாமா, எனக்கும் வரி போடுங்க.”

செல்லச்சாமி காது கேட்காதவர் போல் பார்த்தார். “சாப்பிட்டியா தாயி? உள்ள போ, ஒங்க அத்தை சோறு போடுவா.”

“சோறு வேண்டாம் மாமா. வரி போடுங்க. ஆறாயிரம் நானும் தாரேன்.”

“ஒனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா? ஒங்கிட்ட வாங்குனா முனியராஜ் ஆவி என்னைய சும்மா விடுமா? ஊரு காறித் துப்பாதா? தகப்பன் ஸ்தானத்துல நின்னு சொல்லுதேன், ஒனக்கு வரி கெடையாது. போ.”

திட்டினால் திருப்பித் திட்டலாம். பாசத்தோடு கதவைச் சாத்துகிறவரை என்ன செய்ய முடியும்?

இந்த நேரத்தில் அளவெடுக்க வந்தார் உதவிப் பொறியாளர் அன்பரசன். டேப்பைப் பிடித்துக்கொண்டு இசக்கிப்பாண்டி வீட்டோடு நிறுத்தியவரை அய்யம்மாள் ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேப்பமரத்தடி ஸ்கூட்டரைக் காட்டினாள், பொட்டல் வீட்டைக் காட்டினாள். மனுசன் பொறுமைசாலி. இறங்கி, ஏறி, அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“அம்மா, எங்களுக்குத் தலைக்கட்டுக் கணக்கெல்லாம் கிடையாது. யார் கட்டினாலும் பொதுமக்கள் பங்குதான். ஓடைக்கு ஒரு சின்னப் பாலம், உங்க வீடு வரைக்கும் ரோடு, ரெண்டையும் சேர்த்து எஸ்டிமேட் போட்டுத் தர்றேன். ஆனா தெருவோட பங்கு இன்னும் ரெண்டு லட்சம் கூடும். அது மார்ச் முடியுறதுக்குள்ள வந்தாத்தான் இந்த வருசத்துல சேர்க்க முடியும். இல்லைன்னா இப்போ இருக்கிற அளவோட போயிடும்.”

ரெண்டு லட்சம்! அந்தப் பக்கத்து வீடுகள் மொத்தமாகச் சேர்ந்தாலும் அதில் ஒரு மூலைக்கு வராது. இருந்தாலும் அடுத்த ஞாயிறு கோவில் கூட்டத்தில், அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத காரியத்தை அய்யம்மாள் செய்தாள். சுவரைத் தாண்டி உள்ளே வந்து பாலத்தைப் பற்றியும் ரெண்டு லட்சத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள்.

இசக்கிப்பாண்டி எழுந்துவிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறாயிரத்துக்கே முழி பிதுங்கி நிற்கிறவர். “ரெண்டு லட்சத்தை யாரு சொமக்க? தலைக்கட்டுக்கு இன்னும் ரெண்டாயிரம் ஏறும். ஒத்த ஸ்கூட்டருக்காக நூறு வீடு அழணுமா? ஸ்கூட்டர் நிறுத்த நான் எடம் குடுக்கல? இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுதீக?”

“அண்ணே, நீங்க செஞ்சத நான் மறக்கல. நான் என்ன கேக்கேன்னா...”

“தாயி, வரியில்லாத வீடு கூட்டத்துல பேசப்படாது” என்றார் செல்லச்சாமி, தணிந்த குரலில்.

“அதுக்குத்தான மாமா வரி போடச் சொல்லுதேன்!”

சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அய்யம்மாள் வெளியே வந்து சுவரோரம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தாள், ஆனால் கண் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேனில் அவள் வாயைத் திறக்கவில்லை. முட்டியோடு முட்டி இடிக்க, மடியில் தூக்குச்சட்டியோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “என்னக்கா, பேட்டரி எறங்கிட்டா?” என்று கேட்டார். அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். செல்லச்சாமி மாமா அன்றைக்கு வாசலில் வந்து நின்று வரி வேண்டாம் என்றது முதல், நேற்று வெளியே வந்து நின்றது வரை ஒன்று விடவில்லை.

சொல்லி முடித்ததும் ஜன்னலோரத்தில் இருந்த பத்திரகாளி, “எனக்கும் வரி கெடையாதுக்கா” என்றாள். அவள் வீடு தெரு நடுவில். கட்டியவன் குடித்துக் குடித்தே போனான். “எங்கிட்டயும் மாமா அதையேதான் சொன்னாரு. புள்ளயப் பாருன்னு.”

“எனக்கும் இல்ல” என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். அவளுடையவன் நெஞ்சு வலியில் போனவன். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் இல்லை. அவள் புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், பத்து வருடமாகப் போனவன்தான். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் முனியராஜ் போன அதே மாதிரி, மருந்து அறையில் பறிகொடுத்தவர்கள். அவர்கள் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

யார் வீட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எல்லோர் வீட்டிலும் போய் ஒப்பாரி வைத்தவர்கள்தான். ஆனால் வரி இல்லை என்பதை மட்டும் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் செய்த தர்மம் என்று நினைத்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, உள்ளேயே வைத்திருந்தாள். அய்யம்மாள் சீட்டு சீட்டாக எண்ணிப் பார்த்தாள். ஒரு வேனிலேயே இத்தனை பேர் என்றால், தெருவிலிருந்து கிளம்புகிற மற்ற வேன்களில்?

“அக்கா, என் வாசலுக்கு ரோடு எப்பிடியும் வந்துரும்” என்றாள் பத்திரகாளி. “ஆனா அடுத்தவுக போட்ட ரோடுல நடக்கிற மாதிரில்ல இருக்கும்? நாம ஒரு பங்கு போட்டா ரெண்டு பங்கு தானா வருதுன்னா, நம்ம பங்கை நம்ம போட்டுப் பாலத்தையும் கேட்டாத்தான் என்ன?”

அந்த வாரம் மகளிர் குழுக் கூட்டத்துக்கு மற்ற வேன்களில் போகிறவர்களும் வந்தார்கள், இதே பேச்சுதான். ஆறாயிரத்துக்குக் குழுவில் கடன் எடுத்தவர்கள் பாதி, கம்பெனியில் முன்பணம் வாங்கியவர்கள் மீதி. மாரிசெல்விக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. “எனக்காக ஊரு பூராப் பிச்சை எடுக்கியா?” என்று எரிந்து விழுந்தாள். “பிச்சையா? வரி குடுக்கப் போறோம்டி, வரி!” என்றாள் அய்யம்மாள். அந்த வார்த்தையை அவ்வளவு பெருமையாகச் சொன்ன ஆளை மாரிசெல்வி அதற்கு முன் பார்த்ததில்லை.

மாசிக் கடைசியில், தவணை பிரிக்கிற ஞாயிறு. செல்லச்சாமி பித்தளைத் தாம்பாளத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். தலைக்கட்டு ஆட்கள் வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அய்யம்மாள் சுவரைத் தாண்டி உள்ளே வந்தாள். ஆறாயிரத்தையும் ஒரே கட்டாகத் தாம்பாளத்தில் வைத்தாள்.

“தாயி, நான் என்ன சொன்னேன்...” என்று நிமிர்ந்தவர் அவளுக்குப் பின்னால் பத்திரகாளியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை கோவில் வாசலைத் தாண்டி வெளியே தெரு வரைக்கும் போயிருந்தது. முப்பத்தைந்து பேராவது இருப்பார்கள். வெள்ளைச் சேலைக் கிழவியும் இருந்தாள், போன ஆவணியில் தாலி இறக்கிய இருபத்தைந்து வயதுக்காரியும் இருந்தாள்.

இசக்கிப்பாண்டியின் கூடப்பிறந்த அக்காவும் அந்த வரிசையில் நின்றாள். அவர் பதறி எழுந்து போனார். “நீ எதுக்குக்கா வந்த? ஒன் பங்கை நான் குடுக்க மாட்டனா?”

“ஒன் பங்கை நீ குடு, தம்பி. என் பங்கை நான் குடுக்கேன்.”

அவர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரசீது எழுதுகிற ஆள், “யாரு வீடுன்னு எழுத? முனியராஜ் வீடுன்னா?” என்று கேட்டான்.

“அய்யம்மாள்னு எழுதுங்க.”

செல்லச்சாமி தாம்பாளத்தையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஒவ்வொரு பெண்ணின் வாசலிலும் போய் நின்று, துண்டைக் கையில் எடுத்து, உனக்கு வரி இல்லை தாயி என்று சொன்னவர் அவர்தான். ஒரு வருடம் ஒருத்திக்கு, இன்னொரு வருடம் இரண்டு பேருக்கு. தனித்தனியாகச் சொன்னதெல்லாம் அன்றைக்கு ஒரே வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றது.

“இம்புட்டு பேரா?” என்றார். “ஏ ஆத்தா காளி, இம்புட்டு பேரா ஆயிட்டீக?”

அவர் எழுந்து, ஜமுக்காளத்தில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, “உக்காருங்க தாயி, எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. பாலத்தைப் பத்திப் பேசுவோம்” என்றார். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. தாம்பாளமே பேசிவிட்டிருந்தது. எந்தத் தலைக்கட்டுக்கும் ஒரு ரூபாய் ஏறவில்லை.

அழகுமீனா வங்கியில் கட்டிய ரசீதை மாநகராட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்பரசன் புது எஸ்டிமேட்டை மேலே அனுப்பினார். பிறகு அரசாங்கக் காரியத்துக்கு உரிய நிதானத்தில் எல்லாம் நடந்தது. சித்திரையில் ஒப்புதல் வந்தது. வைகாசியில் டெண்டர், ஒப்பந்தக்காரர் ஆடியில் வருகிறேன் என்று ஆவணியில் வந்தார். மாரிசெல்வி அதற்குள் டவுனில் ரூமுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள், குடிபோவதை மட்டும் தள்ளிப்போட்டிருந்தாள். “பாலம் முடிஞ்சா பாக்கலாம்” என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. மழைக்கு முன்னால் முடியுமா முடியாதா என்று அய்யம்மாள் தினமும் வேனிலிருந்து இறங்கி நேரே ஓடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பாலத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகு காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் விட்டது யார் தெரியுமா? இசக்கிப்பாண்டி. யாரும் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்தது. பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை, அய்யம்மாள் வீட்டில் இருந்தாள். கார்த்திகையில், பாலத்தின் தடுப்பை எடுத்த அன்றைக்குச் சாயங்காலமே வானம் இருட்டிக்கொண்டு பிடித்துக் கொட்டியது. ஓடையில் தண்ணீர் வருகிற இரைச்சல் காதில் விழுந்ததுதான் தாமதம், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எதற்கு ஓடுகிறோம் என்று நினைக்கக்கூட இல்லை. இருபது வருடமாக அந்தச் சத்தத்துக்கு ஓடிப் பழகிய கால்கள்.

பாலத்தின் நடுவில் போய் நின்ற பிறகுதான் காலில் தண்ணீர் படவில்லை என்பது உறைத்தது. வெள்ளம் கீழே போய்க்கொண்டிருந்தது. எதிரே மழைக்குள் ஒரு விளக்கு வந்தது. வேப்பமரத்தடியில் அது நிற்கவில்லை. அய்யம்மாள் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றாள்.

“எம்மா! நடுப்பாலத்துல வந்து நிக்க? தள்ளு, வழியை விடு!”

அய்யம்மாள் ஓரமாக ஒதுங்கினாள். மாரிசெல்வி மழைக்கோட்டோடு, தண்ணீரை இரண்டு பக்கமும் தெறிக்க விட்டுக்கொண்டு, ஆத்தாளைத் தாண்டிப் போய் வீட்டு வாசலில் தன் வண்டியைத் தானே நிறுத்தினாள். அய்யம்மாள் நனைந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. வெறும் கையை வீசிக்கொண்டு, முதல் தடவையாக மகளுக்குப் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனாள்.